டைம் கீப்பருக்கு டைமிங் தப்பிய வாரம்

பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகச்சவரம் செய்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது.

முடிவு எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். அதை மனைவியிடம் சொல்வதில்தான் கொஞ்சம் தாமதமாகும். எந்த பஸ்ஸையும் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க விடாத மனிதர், இந்த ஒரு விஷயத்தை இரண்டு மாதமாக ஸ்டாண்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

சத்தத்துக்குக் காரணம் முன்னறையில் இருந்த தையல் மெஷின். சட்டை, பாவாடை தைக்கிற சாது மெஷின் இல்லை, தார்ப்பாய் தைக்கிறது. நாலு மடிப்புக் கித்தானை வெண்ணெய் மாதிரி குத்திக்கொண்டு போகும். மோட்டார் கிளம்பினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வம்பு பேசும். மார்க்கெட்டில் பாதிக் கடைகளுக்கு மேல் நிழல் தருவது அவர் மனைவி தைத்த பந்தல்தான். அங்கே அவளுக்குப் பெயரே ‘தார்ப்பாய் அக்கா’.

ஒருமுறை அவர் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, மத்தியானத்துல கொஞ்சம் நிறுத்தினா என்ன?”

“எதை?”

“மெஷினை.”

“நிறுத்தலாமே. நீங்க வந்து ஓரம் மடிச்சுக் குடுங்க. சீக்கிரமா முடிச்சுட்டு நிறுத்திடறேன்.”

நூல் அங்கேயே அறுந்துவிட்டது.

அதனால் இந்த முறை பேச்சு வேண்டாம், செயல்தான் என்று தீர்மானித்தார். பக்கத்து வீட்டில் சட்டைத் தையல்காரர் ஒருவர் இருந்தார். சவரம் முடிந்த கையோடு அங்கே போனார்.

“ஒரு சந்தேகம். எங்க வீட்டு மெஷின்ல எது கெட்டா வேலை நிக்கும்? ஆனா மெஷினுக்குச் சேதம் ஆகக் கூடாது.”

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். “பாபின் கேஸ் தேஞ்சா போதும். மேல தையல் ராஜா மாதிரி இருக்கும். அடியில நூல் சுருண்டு கூடு கட்டிடும்.” பழைய தகர டப்பாவைக் கிளறி, அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். “இது உங்க மெஷின் ரகந்தான். ஸ்ப்ரிங் செத்துப் போச்சு. எதுக்கு?”

“சும்மா. பார்க்க அழகா இருக்கு.”

அழகான அந்தக் கிண்ணம் அன்று சாயந்திரமே, மனைவி கடைக்குப் போன நேரத்தில், மெஷினுக்குள் போய்விட்டது. நல்ல கிண்ணம் அவர் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ரெண்டு மணி. மெஷின் ஒருமுறை உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. மறுபடி நின்றது. கித்தானைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டம்ளர்கள்கூட வாயை மூடிக்கொண்டன. டைம் கீப்பர் படுத்தவர், நாலு மணிக்குத்தான் கண் விழித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“மெஷின் சரியில்லைங்க.”

“அடடா” என்றார். வருத்தம் சரியான அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு அவர் தலை தலையணையைத் தொட்ட அதே நிமிஷம் குரல் வந்தது.

“என்னங்க, கொஞ்சம் வந்து டார்ச் பிடிங்க.”

“மெக்கானிக்கைக் கூப்பிடேன்.”

“அவர் பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருக்கார். அடுத்த மாசந்தான் வருவார். நாமளே பார்த்துடலாம்.”

‘நாமளே’ என்ற சொல்லில் தானும் இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போய் டார்ச் பிடித்தார். அவள் மேல் நூலை மொத்தமாக உருவி, முதலிலிருந்து கோத்தாள். ஒரு முழத்துக்குத் தைத்துப் பார்த்தாள். அடியில் கூடு. ஊசியை மாற்றித் தைத்தாள். கூடு. ஊசித் தகட்டைக் கழற்றி, உள்ளே அப்பிக் கிடந்த பஞ்சைப் பிரஷ்ஷால் துடைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். ஒரு பூனைக்குட்டி செய்யும் அளவுக்குப் பஞ்சு வந்தது. தும்மிக்கொண்டே கேட்டார்.

“பாபின் கேஸை முதல்ல பார்த்தா என்ன?”

“உங்க ஸ்டாண்டுல கடைசி பஸ்ஸை முதல்ல விடுவாங்களா? எல்லாம் வரிசையாப் பார்க்கணும்.”

சட்டைப் பையில் பதில் கனத்தது. கடிகாரத்தில் மணி நாலு.

புதன்கிழமை பாபின் கேஸின் முறை வந்தது. அவள் அதை நூலில் தொங்கவிட்டுக் கையை லேசாக உதறினாள். “நல்லதா இருந்தா கொஞ்சம் இறங்கி நிக்கும்.” அது நிற்கவில்லை, நேராகத் தரைக்குப் போய்விட்டது.

“பார்த்தியா, அதுதான்” என்றார் டைம் கீப்பர் ஆவலாக. “புதுசு மாத்தினா சரியாயிடும்.”

“அவசரப்படாதீங்க. இந்த ஹூக்கைப் பாருங்க. மேல் நூலைக் கொக்கி போட்டு இழுக்கறது இதுதான். முனையில நகத்தால தடவுங்க.”

தடவினார். முனை மழுங்கி, ஒரு பிசிறு நகத்தில் மாட்டியது. இது அவர் செய்த வேலை இல்லை. திருடப் போன வீட்டில் ஏற்கெனவே பூட்டு உடைந்திருந்ததைப் பார்த்தவர் மாதிரி விழித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் காய்கறிக்கார அம்மா வந்து நின்றாள். தலையில் துணியைச் சுற்றியிருந்தாள்.

“அக்கா, பந்தல் ஆச்சா? மேகம் கட்டிட்டு நிக்குது. நேத்து தூறலுக்கே பாதித் தக்காளி வெடிச்சுப் போச்சு.”

“மெஷின் நின்னு போச்சும்மா. இவர்தான் ரெண்டு நாளா கூடவே இருந்து பாடுபடறார்.”

காய்கறிக்கார அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். “நீங்க நல்லா இருக்கணும் சார். எங்க அக்காவுக்கு இப்படி ஒரு துணை வாய்ச்சிருக்கே.”

டைம் கீப்பர் டார்ச்சை அணைத்தார். அந்த வெளிச்சம் தன் முகத்தில் படுவதாக அவருக்குத் தோன்றியது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெடித்த தக்காளிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. தான் இரண்டு மணி நேரம் தூங்க, ஒரு கடையே நனைவதா?

வியாழக்கிழமை காலை, தையல் மெஷின் பாகங்கள் விற்கும் கடை திறப்பதற்கு முன்பே போய் அதன் வாசலில் நின்றார். புது ஹூக் ஒன்று வாங்கினார். பாபின் கேஸ் வாங்கவில்லை. வரும் வழியில் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து, கைக்குட்டையால் பளபளவென்று துடைத்து, ஹூக் வந்த காகிதத்திலேயே சேர்த்து மடித்தார்.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். கேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“புதுசா?”

“புத்தம் புதுசு.”

“கைக்குப் பழகினது மாதிரியே இருக்கு. நல்ல கம்பெனி போல.”

ரெண்டு மணிக்கு வேலை ஆரம்பமானது. பழைய ஹூக்கின் மூன்று ஸ்க்ரூக்களைத் தளர்த்தி அவள் உருவினாள். புதியதைச் சொருகினாள். இனிமேல்தான் சிக்கல். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, ஒரு அரிசி அகலம் மேலே ஏறும் தருணத்தில், ஹூக்கின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். இடையில் காகிதம் நுழையும் இடைவெளி. அதுதான் டைமிங். சக்கரத்தைக் கையால் சுற்றும் பொறுப்பு அவருக்கு.

“மெதுவா. இன்னும். நில்லுங்க. தாண்டிட்டீங்க.”

“ஒரு மயிரிழைதானே.”

“ஒரு மயிரிழைக்கு ஒரு தையல் தப்பும். முப்பத்தொரு வருஷம் டைம் பார்த்தவர்தானே நீங்க?”

“பஸ்ஸுக்குப் பார்த்தேன். பஸ் லேட்டா வந்தா விசில் ஊதலாம். இதுக்கு என்ன ஊதறது?”

“மூச்சை அடக்குங்க, போதும்.”

மூச்சை அடக்கினார். ஒன்பது முறை தாண்டிவிட்டது. பத்தாவது முறை நின்றது. அவள் ஸ்க்ரூக்களை முறுக்கினாள். பாபினைப் போட்டுக் கேஸைச் சொருகினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. நாலு மடிப்புக் கித்தானை வைத்து மிதித்தாள். மெஷின் கிளம்பியது. துணியைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியும் மேலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே தையல்.

டைம் கீப்பர் அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பெருமையா, குற்ற உணர்ச்சியா என்று அவருக்கே தெரியவில்லை. அன்று அவள் இருட்டும் முன்பே பந்தலை முடித்தாள். காய்கறிக்கார அம்மா வந்து தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவள் தெருமுனை தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது.

வாசலில் நின்று அதைப் பார்த்த பிறகு அவரால் அடக்க முடியவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தேஞ்ச பாபின் கேஸ்…”

“பக்கத்து வீட்டு டப்பாவுலேருந்து வந்தது. தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை ரெண்டு அஞ்சுக்கு. அது என்னோட பழைய கேஸ்தாங்க. போன வருஷம் நான்தான் அவர் டப்பாவுல போட்டேன்.”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம் எதுக்கு மூணு நாள் என்னை டார்ச் பிடிக்க வச்சே?”

“ஹூக் நிஜமாவே தேஞ்சு போயிருந்துச்சே. மாத்தறதுக்கு ரெண்டாவது ஆள் வேணும். நீங்க ரிட்டயர் ஆன நாளிலேருந்து கேக்கறேன், ‘நாளைக்கு’ன்னுதான் சொன்னீங்க. இந்த வாரம் கூப்பிட்ட உடனே வந்தீங்க.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட ஒரு வழியும் இல்லை. அவள் திட்டவில்லை, அதுவே போதும் என்றிருந்தது. இனிமேல் மத்தியானத்தில் ஓரம் மடித்துக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தார். கொஞ்சம் தைரியம் வந்து கேட்டார்.

“திங்கக்கிழமை ரெண்டு மணி நேரம் சும்மாவா உக்காந்திருந்தே?”

“சும்மா எதுக்கு உக்காரணும்? ஒரே மெஷினை நம்பினா இப்படித்தான்னு, போய் இன்னொண்ணு பார்த்துட்டு வந்தேன். இதைவிடப் பெரிசு. நாளைக்கு ரெண்டு மணிக்கு வருது.”

“இன்னொண்ணா? அதை எங்க வைக்கறது?”

“உங்க கட்டில் இருக்கற இடத்துலதான். அன்னைக்கே அளந்துட்டேன். நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலை.”