குளியலறையில் கலர் பிலிம் கழுவுகிறவர்

சட்டைப்பையில் செல்போன் கிடக்க, கழுத்தில் பழைய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எடுத்த கலர் பிலிமைத் தன் வீட்டுக் குளியலறையிலேயே கழுவுகிற ஆள் ஒருவர் இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார். உங்கள் தெருவில் இல்லையா? இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த வீட்டில் பெண்டாட்டி துண்டும் கையுமாகக் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாளோ, அதுதான் அவர் வீடு.

திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருக்கும் ரொனால்டைப் பாருங்கள். ஜன்னலில் கைலியை அடைத்து, கதவிடுக்கில் பழைய பாவாடையைச் செருகி, கும்மிருட்டில் பிலிமைச் சுருட்டி டப்பாவுக்குள் ஏற்றி மூடி, அப்புறம் விளக்கைப் போட்டு, இட்லிச் சட்டி வெந்நீரில் மருந்துப் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரையே முறைத்துக்கொண்டு நிற்பார். முப்பத்தெட்டு டிகிரி. கூடக் கூடாது, குறையக் கூடாது. சித்திரை வெயிலில் மாடி டேங்க் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும், அதை நம்பமாட்டார். ஆறவைத்து, மறுபடி காய்ச்சுவார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மனுசன் இப்படித் தெர்மாமீட்டரைப் பார்த்ததில்லை.

"ஏங்க, செத்த நேரம் வெளிய வாங்க. பூசைக்கு நேரமாச்சு" என்பாள் மனைவி லிடியா.

"டெவலப்பர் ஓடுது. இப்பக் கையை எடுத்தா அம்புட்டும் போச்சு."

"என் இட்லிச் சட்டி போனது போனதுதானா?"

உள்ளேயிருந்து டப்பாவைக் குலுக்கும் சத்தம்தான் வரும்.

போன மாதம் அவர் தங்கை சகாயசெல்வியின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். குழந்தையின் அப்பாவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை; படத்திலாவது மகளைப் பார்த்துவிடலாம் என்று காத்துக்கிடந்தார். ரொனால்டு விடுவாரா? கோயிலில் சொந்தபந்தம் அத்தனை பேரின் செல்போனையும் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். "ஒருத்தரும் எடுக்கக் கூடாது. நான் இருக்கேன்ல?" முட்டிபோட்டு எடுத்தார், தூணில் தொற்றிக்கொண்டு எடுத்தார், ஃபாதருக்கும் பிள்ளைக்கும் நடுவில் தலையை நீட்டி எடுத்தார். வெளியே வந்து, "முப்பத்தாறு விழுற ரோல்ல நாப்பதுக்கு மேல எடுத்திருக்கேன். கைராசி!" என்றார்.

கைராசியா? பிலிமின் முனை கேமராவுக்குள் மாட்டவே இல்லை. இழுக்க இழுக்கக் கேமராவில் எண் மட்டும் ஏறியது. பிலிம் நகராமல் சுகமாகப் படுத்துக் கிடந்தது. எடுத்த படமெல்லாம், கழுவுமுன் வெட்டி எறியும் அந்த முனைத்துண்டிலேயே விழுந்தது. அதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? மனசெல்லாம் முப்பத்தெட்டு டிகிரியில் இருந்ததே!

அன்றைக்குக் கழுவிய மாதிரி அவர் ஆயுசில் கழுவியதில்லை. கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டதும், புருசனைப் போனில் வைத்துக்கொண்டே ஓடிவந்த சகாயசெல்வி பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்தாள். தலையிலிருந்து வால்வரை வெறும் ஆரஞ்சு. பிள்ளையும் இல்லை, ஃபாதரும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை.

"அண்ணே, பாப்பா எங்க?"

ரொனால்டு வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. மறுநொடியே மலர்ந்தது.

"இந்தா பாரு, ஓரத்துல கம்பெனிக்காரன் போட்ட நம்பரு எம்புட்டுப் பளிச்சுன்னு வந்திருக்கு! மருந்து, சூடு, எல்லாம் கச்சிதம்!"

"நம்பரையா எம்புருசனுக்கு அனுப்பச் சொல்ற?"

போனுக்குள்ளிருந்து குவைத் குரல் கேட்டது: "மச்சான், பிள்ளை தெரியுதா?"

"கழுவுனதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது மாப்ள!"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சகாயசெல்வி பிள்ளைக்கு வெள்ளைக் கவுனை மறுபடி மாட்டி, வாசலில் நிறுத்தி, லிடியாவின் செல்போனில் நாலு படம் எடுத்து அனுப்பினாள். குவைத்தில் ஒரு மனுசன் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம், இங்கே ரொனால்டு எட்டிப் பார்த்துவிட்டு, "கலர்ல உயிர் இல்ல" என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் நீங்கள் வைத்த குழம்பை வீட்டில் ஒருவரும் தொடாதபோது, "எல்லாம் அளவாத்தானே போட்டேன்!" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றீர்களே, அப்போது உங்கள் மூஞ்சி எப்படி இருந்தது என்று பசியோடு எழுந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.