தரவரிசை

செவ்வாய்க்கிழமை காலை இடியப்பத்துக்கு முன்னால் உட்கார்ந்த சுந்தரலிங்கத்தின் கைத்தொலைபேசியில் அந்த ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது. அவர் இடியப்பத்தைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் ஒன்றுதான் இருந்தது.

போட்டவர் திகனயில் இருக்கும் ரபீகா டீச்சர். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன் 'இராஜேஸ்வரி கறித்தூள்' இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது முதல் பொதியை வாங்கி, முதல் ஆளாக ஐந்து நட்சத்திரம் போட்டவர் அவர். அதற்குப் பிறகு வேறு யாரும் எதுவும் போடவில்லை. அந்த ஐந்தை அச்செடுத்து, லமினேட் செய்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் சுந்தரலிங்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போக முடியாது.

கறித்தூளில் பெயர் மட்டும்தான் மனைவியுடையது. வறுப்பதெல்லாம் அவர். மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவருக்கு எதையும் தன் கையால் செய்தால்தான் திருப்தி. மல்லி, சீரகம், மிளகாய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிப் புகை கிளம்பும்வரை வறுப்பார். போன மாதம் தோள் பிடித்துக்கொண்டதால் ஒரே ஒரு தடவை இராஜேஸ்வரி வறுத்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், கறிவேப்பிலையும் ரம்பை இலையும் சேர்த்து. அதில் ஒரு பொதியை, பழைய வாடிக்கையாளரைக் கௌரவிப்பதற்காக டீச்சருக்கு இலவசமாக அனுப்பியிருந்தார். கௌரவம் இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

"தனித்தனியா வறுக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"வாசம் நல்லாத்தானேங்க இருந்துச்சு."

"அத நீ சொல்லக்கூடாது. கஸ்டமர் சொல்லணும்."

இந்த ஞானம் பிலிமத்தலாவையில் நடந்த அரைநாள் பயிற்சியில் கிடைத்தது. இணைய வணிகச் சொற்கள் நாற்பதும் அவற்றின் விளக்கமும் அடங்கிய ஒரு தாளை அங்கே கொடுத்தார்கள். சுந்தரலிங்கம் அதை அரசாங்கச் சுற்றுநிருபமாகவே மதித்தார். ஒரே குறை, சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் வரைவு எழுதிப் பெயர் வாங்கிய மனிதர் அதை விடுவாரா? கார்ட் 'கூடை' ஆனது. ரிட்டர்ன் 'மீளளிப்பு' ஆனது. ரேட்டிங் 'தரவரிசை' ஆனது. 'எமது உற்பத்திக்குத் தரவரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை உரிய இடத்தை வழங்கி உதவவும்' என்று சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பொதியிலும் வைத்தார். கொழும்பில் வேலை செய்யும் மகள் துஷானி இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தபோது, நட்சத்திரங்களுக்கு மேலேயும் அதே வாக்கியத்தைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவோடு வாதாடினால் விடுமுறை முடிந்துவிடும் என்று அவளும் போட்டுவிட்டுப் போனாள்.

தாளில் பன்னிரண்டாவது சொல் கஸ்டமர் கேர். அதன்படி அன்றே அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே, ஊர் உலகமெல்லாம் பார்க்கும்படி பதில் எழுதினார்: 'தங்கள் முறைப்பாடு கவனத்திற் கொள்ளப்பட்டது. விசாரணையின் பின்னர், சம்பந்தப்பட்ட ஊழியர் வறுக்கும் கடமையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.'

சம்பந்தப்பட்ட ஊழியர் மத்தியானம் அதை வாசித்தாள். வறுக்கும் சட்டியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் பேச்சு 'சோறு போதுமா', 'போதும்' என்ற அளவில் நின்றது.

அந்தப் பதிலை வாசித்த மற்ற வாடிக்கையாளர்களும், விசாரணை வைக்கும் அளவுக்குத் தூளில் என்ன கிடந்ததோ என்று பயந்திருக்க வேண்டும். கூடையில் போட்டதை வாங்காமலே போனார்கள். தாளில் இதற்கும் ஒரு சொல் இருந்தது. அபேண்டன்ட் கார்ட். சுந்தரலிங்கம் 'கைவிடப்பட்ட கூடை' என்று தமிழாக்கிவிட்டு, ஒரே வாரத்தில் பதினேழு கூடைகள் கைவிடப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, இராஜேஸ்வரி வறுத்த தூள் போய்ச் சேர்ந்த மற்ற எட்டுப் பேருக்கும் தொலைபேசி எடுத்து, அதைத் திருப்பி அனுப்பும்படி கேட்டார். ஒருவரும் அனுப்பவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம், அது எங்களிடமே இருக்கட்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் தூள் முடிந்துவிட்டது என்று சொல்லி, அதே மாதிரி வேறு இருக்கிறதா என்று கேட்டார். கெட்டுப்போன சாமானைக்கூடத் திருப்பிக் கொடுத்து மனதைப் புண்படுத்தாத இந்த மனிதர்களின் பெருந்தன்மையை நினைத்து சுந்தரலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

கடைசியாக ரிப்ளேஸ்மென்ட். தோள்வலியோடு சட்டியை நிமிர்த்தி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் தன் கையாலேயே வறுத்து, டீச்சருக்கு மாற்றுப் பொதி அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது. ஐந்து நட்சத்திரம்.

அவர் அதை எடுத்துக்கொண்டு குசினிக்கே போனார்.

"பார்த்தியா இராஜி? நான் வறுத்தா அஞ்சு."

"சந்தோசம்" என்றாள் இராஜேஸ்வரி. வெட்டிக்கொண்டிருந்த போஞ்சியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழம மாத்தளைக்குப் போறேன். தங்கச்சி வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல. வேலையிலயிருந்துதான் நீக்கியாச்சே."

முப்பத்தாறு வருடத்தில் அவள் திரும்பி வரும் நாளைச் சொல்லாமல் எங்கேயும் போனதில்லை. சுந்தரலிங்கம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் ஐந்து நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது? தாளை எடுத்துப் புரட்டினார். நாற்பதாவது சொல் டெஸ்டிமோனியல். சான்றுரை. வாடிக்கையாளர் வாயாலேயே கேட்டால், கணவன் வேண்டுமென்று பழிக்கவில்லை, நியாயத்தைத்தான் சொன்னான் என்று இவளுக்குப் புரியும். கோபம் போய்விடும். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

மாத்தளைக்குப் போவதற்கு முன் திகன வரைக்கும் வந்துவிட்டுப் போ என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இராஜேஸ்வரி உடுப்புப் பையோடு வந்தாள். பஸ்ஸில் பல்லேகல விளையாட்டு மைதானம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையைத் தான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். அவள் கொடுக்கவில்லை.

ரபீகா டீச்சர் கதிரைகளை இழுத்துப் போட்டு, தேநீரும் வட்டிலப்பமும் வைத்து உபசரித்தார். சுந்தரலிங்கம் சான்றுரையைப் பதிவு செய்யக் கைத்தொலைபேசியில் வீடியோவைப் போட்டு மனைவியின் கையில் கொடுத்தார். சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், ரெண்டு தடவ அஞ்சு போட்டீங்க. நடுவுல ஒரே ஒரு தடவ ஒண்ணு போட்டீங்க. அது இவங்க வறுத்தது. ஏன் அப்படிப் போட்டீங்கன்னு உள்ளத உள்ளபடி சொல்லணும். இவங்களுக்காகத்தான் கேக்குறேன்."

டீச்சரின் முகம் மாறியது. எழுந்து போய், அலுமாரியிலிருந்து கறித்தூள் சீட்டை எடுத்து வந்தார். அதை ஒருமுறை வாசித்தார். பிறகு இராஜேஸ்வரியின் மடியில் இருந்த உடுப்புப் பையைப் பார்த்தார்.

"அந்த ஊழியர் நீங்களா?"

இராஜேஸ்வரி தலையாட்டினாள். கையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் சீட்டைச் சுந்தரலிங்கத்தின் பக்கம் நீட்டினார். அவருடைய வாக்கியத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது.

"முப்பத்திரெண்டு வருசம் பிள்ளையளுக்கு ரிப்போர்ட் எழுதினவள் நான், கோவிக்காதீங்க ஐயா. தரவரிசையில முதலாமிடம் எடுத்தவங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டு, அஞ்சாமிடம் வந்த தூளையே திரும்பவும் கருக்கி அனுப்புறீங்களே. உங்கட சீட்டுல ஆறு இருந்திருந்தா, நான் ஆறுதான் போட்டிருப்பேன்."