முட்டிவலியும் மூன்று தடவை ஏறிய கோபுரமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவெடுத்தேன். தலையே போனாலும் சரி, பரணில் ஏறுவதில்லை.

விஷயம் இதுதான். பரணில் என் மனைவியின் பழைய தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருப்பதால் அது உடனே கீழே இறங்க வேண்டும். மெஷினை மறித்துக்கொண்டு என்னுடைய பதினோரு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. நான் சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவன். ஆபீசில் கழித்துப்போட்ட வரைபடங்களை இருபது வருஷமாக வீட்டுக்குத் தூக்கி வந்து சேர்த்திருக்கிறேன். பெட்டிகள் இறங்கினால் நேராகப் பழைய பேப்பர்காரரிடம்தான் போகும். ஆகவே மூன்று வாரமாக எனக்கு முட்டிவலி.

வலது முட்டி என்று ஞாபகம்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"உயிர் போகுது. ஏணியைப் பார்த்தாலே விண்ணுன்னு தெறிக்குது."

சண்டைக்குத் தயாராக நின்றேன். வரவில்லை.

"பாவம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கீங்க. கடலோரமா ஒரு நடைபாதை இருக்காம். பழைய கோட்டை, பீரங்கி மேடை எல்லாம் பார்த்துட்டே போகலாமாம். சின்னப் பிள்ளைங்ககூட நடக்கிற வழின்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. மெதுவா நடந்தா முட்டிக்கு நல்லதாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முகத்தில் வேதனையைக் குறைக்காமல், "சரி, உனக்காக வரேன்" என்றேன். வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புல்மேடு, நடுவில் தட்டையான பாதை. பத்து நிமிஷ நடைக்கு ஒரு பீரங்கி மேடை. முதல் பத்து நிமிஷம் நேர்மையாக நொண்டினேன்.

முதல் மேடையருகே வழிகாட்டும் வரைபடப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். அதில் வடக்கைக் காட்டும் அம்பு கோணலாக இருந்தது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த சர்வே ஆபீஸ் விழித்துக்கொண்டது.

"இந்த மேடை ஏன் அரைவட்டமா இருக்கு, சொல்லு?"

"தெரியலையே."

"பீரங்கியை மூணு பக்கமும் திருப்பணும்ல? எதிரி எந்தப் பக்கம் வருவான்னு யாருக்குத் தெரியும்?"

"அடேயப்பா! எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து 'அடேயப்பா' சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, தலை ஒரு சுற்றுப் பெருத்தது. நொண்டுவதை எந்த இடத்தில் விட்டேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்து கண்காணிப்புக் கோபுரம். வெளிச்சுவரை ஒட்டியே கல்படிகள். அவள் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீங்க ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்."

ஏறினேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. இறங்கி வந்து சொன்னேன்.

"கப்பல் தெரிஞ்சுதா?"

"ரெண்டு!"

"எந்தப் பக்கமாப் போகுது?"

கவனிக்கவில்லை. சர்வே ஆபீசின் மானம் என்ன ஆவது? மறுபடி ஏறினேன். இறங்கினேன்.

"தண்ணி பாட்டிலை மேலயே வெச்சுட்டீங்களா?"

மூன்றாவது தடவை இரண்டிரண்டு படியாகத் தாவினேன். உச்சியிலிருந்து பார்த்தால் அவள் கீழே நின்று போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "கையை ஆட்டுங்க!" என்று கத்தினாள். ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிவிட்டது.

துருப்பிடித்த பீரங்கியின் நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். வயிறு நிறைந்ததும் எனக்கு உபதேசம் செய்யத் தோன்றும்.

"இந்த வயசுல உனக்கு இப்படி மூச்சு வாங்கக்கூடாது. என்னைப் பாரு. எதையும் கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். களைப்பா இருந்தா நடுவுல உட்கார்ந்துக்கலாம்."

"சரிங்க" என்றாள். இவ்வளவு அடக்கமாக.

திரும்பும்போது கேட்டாள்: "முட்டி எப்படி இருக்கு?"

உடனே நொண்டினேன்.

"காலையில வலது கால்தானே நொண்டுச்சு?"

"அது... வலி இடம் மாறிடுச்சு."

"மாறட்டும். ஒரே கால் எவ்வளவு நாள்தான் தாங்கும்?"

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று சீட்டியடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஏணி பரண்மேல் சாத்தியிருந்தது. என் நாற்காலியில் பழைய பேப்பர்காரர், காலடியில் தராசு, கையில் டீ. பக்கத்தில் அக்கா, கையில் போன்.

"என்ன தம்பி, கோபுரத்துல அந்தத் தாவு தாவுறீங்க! உங்க வீட்டம்மா அனுப்பின வீடியோவை அண்ணனும் நானும் நாலு தடவை பார்த்துட்டோம்."

அண்ணன் என்று அவர் சொன்னது பேப்பர்காரரை. அவர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

நான் மனைவியைப் பார்த்தேன். துணியை அளந்து அளந்தே பழகியவள். கணக்கு கையிலேயே இருந்தது.

"கோபுரத்துக்கு நாற்பத்திரண்டு படி. மூணு தடவை ஏறினீங்க, நூத்தி இருபத்தாறு. இந்த ஏணியில ஏழுதான் இருக்கு." ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கனிவாகச் சொன்னாள்: "கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க. களைப்பா இருந்தா நடுவுல உட்கார்ந்துக்கலாம்."