இருபத்தாறு தீப்பெட்டிகள்

தோள்பையில் இருபத்தாறு தீப்பெட்டிகளை வைத்துக்கொண்டு, அவற்றோடு எங்கே போவது என்று தெரியாமல் எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தான் தற்காலிக இன்ஸ்பெக்டர்.

அவன் மேல் தப்பில்லை. பெட்ரோலியத்தை மொத்தமாக ஏற்றிவரும் கப்பல்களுக்குத் துறைமுகத்தில் பதினேழு விதிகள். குழாய் மாட்டும் முன் எல்லோருடைய தீப்பெட்டிகளையும் வாங்கிவிட வேண்டும் என்றது ஒன்பதாம் விதி. வாங்கிவிட்டான். வாங்கியவை கப்பலிலும் இருக்கக்கூடாது, கரையை விட்டுத் தள்ளித் தண்ணீருக்குள் கப்பல் நிற்கும் மேடையைச் சுற்றி நூறு கஜத்துக்குள்ளும் இருக்கக்கூடாது என்றது பத்தாவது.

அந்தப் பதினேழையும் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தான். தினமும் படுக்கப் போகும் முன் ஒரு தடவை படிப்பான். படிக்கப் படிக்க வியப்புதான். செருப்பு ஆணி இரும்புத் தளத்தில் உரசினால் பொறி பறக்கும் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறாரே. இரும்புச் சுத்தியல் கூடாது, செம்புச் சுத்தியல்தான் என்றாரே. தனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் தோன்றாது. அந்த மகானை ஒரு தடவை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று இருந்தது.

அதற்கு முதலில் வேலை நிலைக்க வேண்டும். சூரியன் மறைவதற்குள் எண்ணெய் முழுவதும் கரைக்கு வந்துவிட்டால் வேலை நிரந்தரம், வராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று துறைமுகத் துரை காலையிலேயே சொல்லிவிட்டார்.

"படகுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பிடுங்க தம்பி," என்றார் கப்பல் சமையல்காரர். பருத்த ஆள். ஒரு புருவம்தான் இருந்தது.

"அவர் வாயில சுருட்டு புகையுதே அண்ணே. அதான் நூறு கஜம் தள்ளி நிக்க வச்சிருக்கேன். பேசாம கடல்ல கொட்டிடட்டுமா?"

"ஐயையோ, கூடாது. துறைமுகத் தண்ணியில எதையும் கொட்டக்கூடாது. பன்னெண்டாவது."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினான். பன்னிரண்டாவதேதான்.

"ஒரு வாளித் தண்ணியில ஊறப் போடுங்க. நனைஞ்ச தீப்பெட்டி தீப்பெட்டியே இல்ல. எந்த விதியும் அதைத் தொடாது."

என்ன மூளை என்று நினைத்துக்கொண்டான். இருபத்தாறும் வாளிக்குள் போயின. குழாய் மாட்டினார்கள். பம்பு ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் கீழேயிருந்து 'உஸ்' என்ற சத்தம் அவன் காதில் விழுந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், அடைத்த இரும்பு அறைக்குள் பாய்லர் எரிந்துகொண்டிருந்தது.

"இதை அணைக்கணும்," என்றான். "கப்பல்ல இருக்கிற எல்லா நெருப்பையும் அணைக்கணும்னு நாலாம் விதி."

இன்ஜின் மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதை அணைச்சா பம்பு எதுல ஓடும்? உங்க நோட்டுலயா?"

அவனுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை நோட்டைப் பார்த்தான். எல்லா நெருப்பையும் என்றுதான் இருந்தது. "நான் என்ன சார் பண்றது, நெருப்புன்னா நெருப்புதானே."

மேஸ்திரி அணைத்தார். மிச்சமிருந்த நீராவியில் கொஞ்ச நேரம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடிய பம்பு, கால்வாசி எண்ணெய்கூட இறங்காத நிலையில் நின்றுபோனது.

சமையல்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். "என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? நாலாம் விதிக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்குமே. அடைச்ச அறையில இருக்கிற பாய்லருக்கு இது கிடையாதுன்னு."

இன்ஸ்பெக்டருக்கு அந்தக் குறிப்பு நினைவிருந்தது. எழுதினால் அடுத்த பக்கத்துக்குப் போகும், பக்கம் அசிங்கமாகிவிடும் என்று விட்டது அவன்தான்.

"சரி சார், மறுபடி பத்த வச்சிடுங்க," என்றான் மெதுவாக.

மேஸ்திரி உள்ளங்கையை நீட்டினார். "தீப்பெட்டி?"

மூவரும் மேல்தளத்துக்கு ஏறிப்போய் வாளியைப் பார்த்தார்கள்.

நூறு கஜத்துக்கு அப்பால் படகுக்காரரின் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. சமையலறை அடுப்பைக் காலையிலேயே அணைத்தாயிற்று; கண்ணுக்குத் தெரிந்த நெருப்பு அது ஒன்றுதான். அதை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவர விதி இடம் தராது. இன்ஸ்பெக்டர் தன் வேலையை மனசுக்குள் கைகழுவிவிட்டான்.

"நெருப்பு நம்மகிட்ட வரத்தானே கூடாது," என்றார் சமையல்காரர். "நாம நெருப்புகிட்ட போகலாமே. தொட்டி மூடியெல்லாம் இறுக்கிட்டு, மேடையை விட்டு விலகி நின்னா பாய்லரைப் பத்த வைக்கலாம். பதினாலாவது."

குழாயைக் கழற்றினார்கள். மூடிகளை இறுக்கினார்கள். பத்துத் துடுப்புப் படகுகள் கயிறு கட்டி, குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் எருமையைப்போல அந்தப் பெரிய கப்பலை அங்குலம் அங்குலமாக இழுத்துப் போயின. துறைமுகமே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"சீக்கிரம் வாங்கய்யா," என்று கத்தினார் படகுக்காரர். "அணைஞ்சிடக்கூடாதுன்னு ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பத்த வச்சு இது ஆறாவது சுருட்டு. உங்க பாய்லருக்கு முன்னாடி என் நெஞ்சு எரியுது."

சுருட்டிலிருந்து பந்தம், பந்தத்திலிருந்து பாய்லர். சூடு ஆறாததால் நீராவி சீக்கிரமே ஏறியது. கப்பல் தானாகவே மேடைக்குத் திரும்பியது. கடைசிச் சொட்டு கரையேறியபோது கடலுக்கு மேலே சூரியன் நகக்கண் அளவு மிச்சமிருந்தது.

துரையே நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை கூத்திலும் ஒரு விதிகூட மீறப்படவில்லை. வாளியை மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உத்தரவை நோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் நேராகச் சமையலறைக்குப் போனான். சமையல்காரர் ஆறிப்போன ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார். அவன் கை தானாகக் குவிந்தது.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. அந்தப் பதினேழையும் எழுதின மகான் நீங்கதானே?"

சமையல்காரர் புருவம் இல்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"எழுதினதெல்லாம் துரைதான் தம்பி. கப்பல்ல எச்சரிக்கைக் கொடி கட்டுற விதி மட்டும் அவரா யோசிச்சது, மத்த பதினாறும் நான் ஏதாவது செஞ்சு வச்ச மறுநாள் போட்டது. பதினெட்டாவது நாளைக்கு வரும், அது நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து."