கை தூக்கியவர்கள் நூற்றுப் பதினேழு பேர்

உலகம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, வண்டியை விட்டு ஒருவரும் இறங்காமல் நூற்றுப் பதினேழு ஆத்துமாக்களை ஆதாயம் செய்த குழு ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சபையின் சுவிசேஷக் குழு. அதன் எண்ணிக்கைப் பொறுப்பாளனாக இருந்தவன் என்ற முறையில், தன்னடக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கொள்ளைநோய் வந்து ஊரடங்கு போட்டதும் ஆலயக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் போதகர் கலங்கவில்லை. வாகன அனுமதிச் சீட்டு கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அத்தியாவசியப் பொருள் ஏத்துற வண்டிக்குத்தான் அனுமதி. நீங்க என்ன கொண்டுபோறீங்க?" என்றார் அதிகாரி, முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"நித்திய ஜீவன்."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "கெட்டுப்போற பொருளா, கெட்டுப்போகாததா?"

"கெட்டே போகாது ஐயா!"

"அப்ப ஊரடங்கு முடிஞ்சப்புறம் கொடுத்துக்கலாமே?"

போதகர் விடவில்லை. "பொருள் கெடாது. அதுக்குள்ள வாங்குற ஜனங்க கெட்டுப்போயிடுவாங்க."

இப்படியொரு பதிலை அந்த அலுவலகம் கேட்டதே இல்லை. 'விரைவில் அழுகும் பொருள்' என்ற பிரிவில் சீட்டு கிடைத்தது. ஒரே நிபந்தனை: 'வாகனத்தில் வரும் எவரும் வழியில் இறங்கலாகாது.' போதகருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

வேனின் முன்னால் போதகரும் ஒலிபெருக்கியும். ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. நடுவில் நான், கையில் பொத்தானை அழுத்தினால் எண் கூடும் சின்னக் கருவி. பின் இருக்கை நீளமாகக் காலியாக இருந்ததால் கைப்பிரதிகளை 'சமூக இடைவெளி' விட்டு அடுக்கியிருந்தோம்.

எங்கள் கூட்டங்களில் இரட்சிப்பை ஏற்றுக்கொள்கிறவர் கை தூக்குவது வழக்கம். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். "ஏற்றுக்கொள்கிறவர்கள் வீட்டில் இருந்தபடியே கைகளை உயர்த்துங்கள்!" என்று போதகர் முழங்குவார். நான் எண்ணுவேன். கொடியில் துணி போட்ட அம்மாள், ஒன்று. ஒட்டடை அடித்தவர், ஒன்று. மொட்டைமாடியில் உடற்பயிற்சி செய்தவர் பன்னிரண்டு தடவை தூக்கினார். மனசாட்சிக்குப் பயந்து அவரையும் ஒன்றாகவே போட்டேன். குழுவுக்கென்று இன்னொரு விதியும் உண்டு: எண்ணுகிறவன் தன்னை எண்ணிக்கொள்ளக் கூடாது. அவன் ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவன்.

ஒன்பதாம் நாள் ஒரு தையல்காரர் குடியிருந்த தெருவுக்குள் நுழைந்தோம். அவர் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்றார். அழைப்பு விடுக்கும் முன்பே இரண்டு கைகளையும் தூக்கினார். போதாததற்கு ஒரு சிவப்புத் துணியை வேறு வீசினார். வாய் ஓயாமல் அசைந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

"மாமா, அந்தாளு நம்மளக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றான் மைத்துனன், வேகத்தைக் குறைத்து.

"ஆண்டவரைக் கூப்பிடுறாரு, தம்பி. நீ ஓட்டு" என்றார் போதகர். "ரெண்டு கை! அதுவும் சிவப்புத் துணி! இரத்தத்தோட அடையாளம்!"

"ரெண்டு கைக்கு ரெண்டா போடவா, பாஸ்டர்?"

"ஆள் ஒண்ணுதானே. பேராசை வேண்டாம்."

பொத்தானை அழுத்தினேன். தெருமுனை திரும்பும்வரை அந்தத் துணி ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. அதற்கென்று கருவியில் பொத்தான் இல்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, 'எழுச்சியின் உச்சம்' என்று அறிக்கையில் நான் வர்ணித்திருந்த தையல்காரரைச் சாட்சி சொல்ல அழைத்தோம். மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்.

"கை தூக்கினப்ப உள்ளுக்குள்ள என்ன உணர்ந்தீங்க, பிரதர்?" என்று போதகர் மைக்கை நீட்டினார்.

"பயமா இருந்துச்சுங்க. உள்ள இவ மூச்சு விட முடியாம கெடந்தா. ஆம்புலன்ஸுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், லைனே கிடைக்கல. தெருவுல வந்தது உங்க வண்டி ஒண்ணுதான். மேலேருந்து கண்ணாடி வழியா பாத்தா பின் சீட்டுல ஒரு ஆளும் இல்ல."

"ஆனாலும் ஆண்டவர் கைவிடலையே!"

"விடல. அப்புறமா காய்க்காரர் வந்தாரு. முட்டைக்கோஸையெல்லாம் ரோட்டுல கொட்டிட்டு, இவளத் தள்ளுவண்டில படுக்கவெச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டே ஓடினாரு."

'ஸ்தோத்திரம்' சொல்வதா வேண்டாமா என்று சபை தவித்தது. தையல்காரர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"உங்க வழக்கப்படி நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு அந்த வண்டில இருந்து என்னைப் பாத்தவங்க, தயவுசெஞ்சு கையத் தூக்குங்க."

போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். கடைசி வரிசையில் என் மைத்துனன் எழுந்து, தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினான்.

கருவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து அழுத்தினேன். ஒன்று.

நான் தூக்கவில்லை. எண்ணுகிறவன் தன்னை எண்ணிக்கொள்ளக் கூடாதே. நான்தான் ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவனாயிற்றே.