கிறிஸ்டினாவின் கைப்பக்குவம்

இட்லிக் குண்டானைத் திறந்ததும் ஜெரோமுக்கு முதலில் தெரிந்தது புகை. புகை விலகியபின் தெரிந்ததைக் கேக் என்று சொல்ல அவருக்கே மனம் வரவில்லை. கத்தியை வைத்து அழுத்திப் பார்த்தார். கத்தி வளைந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. பக்கத்து வீட்டுச் சந்திரிகா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், வாசனை வருதே. கேக் வேலை ஆரம்பிச்சிட்டீங்க போல?"

தீய்ந்த நாற்றத்தை வாசனை என்று சொல்லும் அளவுக்கு அவள் நல்லவள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆமாம்மா, முதல் ஈடு போயிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, முதல் ஈட்டைக் குப்பைக் கூடையில் போட்டார். அது கல் விழுந்த மாதிரி சத்தம் போட்டது.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. கிறிஸ்டினா ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. துக்க வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போன வாரம் தெரு முனையில் நான்கைந்து பேர் சேர்ந்து நின்றபோது, அக்கா கேக் இல்லாமல் டிசம்பர் மாதிரியே இல்லை என்று சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெரோம் வாயிலிருந்து எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ தெரியாது.

"ஏன் இல்லாம? இந்த வருஷமும் எல்லார் வீட்டுக்கும் வரும். அவ கைப்பக்குவம் எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியாது. சிட்லபாக்கத்தில் அந்தத் தெரு முழுக்க வருஷா வருஷம் கிறிஸ்டினாவின் கேக்கைச் சாப்பிட்டது. அதைச் செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ரயில்வேயில் சிக்னல் வேலை. இருபத்து நாலாம் தேதி லீவு போடுகிறவர்களுக்கெல்லாம் இவர்தான் மாற்று ஆள். ஓய்வு பெற்ற பிறகும் அவள் கூட வர விடவில்லை. பொழிச்சலூரில் தங்கை ஏஞ்சல் வீட்டில்தான் பெரிய ஓவன் இருக்கிறது என்று தனியாகக் கிளம்பிப் போவாள். ஆம்பளை பக்கத்தில் நின்றால் கேக் உப்பாது என்பாள். அவர் நம்பினார். நம்பினது மட்டுமில்லை, கோவில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் கூட வேலை பார்த்தவர்களிடமும், கடைக் கேக் என்பது சாயம் போட்ட மரத்தூள், எங்கள் வீட்டு வாசற்படியில் அதை ஏற்றியதே கிடையாது என்று பேசிப் பேசி மகிழ்ந்தார்.

குண்டானைத் தேய்க்கப் போட்டுவிட்டு ஏஞ்சலுக்குப் போன் செய்தார். அக்கா எவ்வளவு மைதா போடுவாள், எவ்வளவு நேரம் வேகவைப்பாள் என்று கேட்டார்.

"மாமா, அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? பேசாம கடையில வாங்கிடுங்க."

"கடையிலயா? உங்க அக்கா பேரச் சொல்லிக்கிட்டு கடைக் கேக்கக் குடுக்கறதா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஏஞ்சல் போனை வைத்துவிட்டாள்.

ஆனால் வேறு வழியும் இல்லை. கடைக் கேக்கை வாங்கி, உறையைப் பிரித்து, வீட்டில் செய்தது போலக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். தெரு முழுக்க முழு விலையில் வாங்கிக் கொடுக்க அவருடைய பென்ஷன் இடம் கொடுக்காது. இருபத்து நாலாம் தேதி மத்தியானத்துக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் பிளம் கேக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சிட்லபாக்கத்துக் கடைக்குப் போனால் தெருவே பார்க்கும். ஸ்கூட்டரோ பேட்டரி செத்துக் கிடந்தது. பஸ் பிடித்துக் கீழ்க்கட்டளைக்குப் போனார். கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்றையும், பேரன் விட்டுப்போன தொப்பி ஒன்றையும் போட்டுக்கொண்டார். வாசலில் செக்யூரிட்டி அவரை மட்டும் நிறுத்தி, பையைத் திறந்து பார்த்து, தொப்பியைக் கழற்றச் சொன்னார்.

உள்ளே பெரிய கூட்டம். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கமெல்லாம் ஒரு கூட்டம் அவளோடு நகர்ந்தது. அவள் ரொட்டியில் ஒட்டினால் ரொட்டி காணாமல் போனது. சீஸில் ஒட்டினால் சீஸ். உறைந்த கோழி ஒன்றை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே முகத்தில் சிரிப்பை விடவில்லை. ஜெரோமுக்கு இந்த வித்தையெல்லாம் பழக்கமில்லை. வீட்டுச் சாமான் கிறிஸ்டினாவின் வேலை. கூட்டத்தில் முழங்கையால் இடி வாங்கி, கால்மிதி வாங்கி, ஒருவழியாகக் கூடை நிறையப் பிளம் கேக் சேர்த்துவிட்டு நிமிர்ந்தார்.

பருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் லோகநாதன் நின்றிருந்தார். சந்திரிகாவின் புருஷன். அவருக்குக் கீழ்க்கட்டளையில் அப்பா காலத்து நிலம் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்க்க வந்தவர், பாதி விலை நெய்யைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்திருந்தார்.

ஜெரோம் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஃப்ரீசரைத் திறந்து, பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுகளுக்கு அடியில் கேக்குகளை ஒவ்வொன்றாகத் திணித்தார். மூடியை மூடுவதற்கும் லோகநாதன் தோளைத் தட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"மாஸ்க்ல அடையாளமே தெரியல சார். கேக்குக்கு சாமான் வாங்க வந்தீங்களா?"

ஆமாம் என்றார் ஜெரோம். அது இரண்டாவது தப்பு. லோகநாதன் நல்ல மனுஷர், அதோடு ஓய்வாகவும் இருந்தார். மைதா எங்கே இருக்கிறது என்று அவரே காட்டினார். வெண்ணெய் எடுத்து வைத்தார். முட்டைத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உடையாததாகப் பொறுக்கினார். முந்திரி, திராட்சை, செர்ரி என்று கூடை ரொம்பியது. எதிலும் மஞ்சள் ஸ்டிக்கர் இல்லை. பில் போடும்வரை கூடவே நின்றார். அப்புறம் இந்த மூட்டையோடு பஸ்ஸில் எப்படிப் போவீர்கள் என்று தன் வண்டியிலேயே ஏற்றி, மடியில் முட்டைத் தட்டை வைத்து, சிட்லபாக்கத்தில் வாசலிலேயே இறக்கிவிட்டார். போகும்போது தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், சார் இன்றைக்குக் கேக் செய்யப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஜெரோம் சமையலறையில் மைதா மூட்டைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சுவரில் கிறிஸ்டினாவின் படம் இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது போல அவருக்குத் தோன்றியது. எழுந்து, வெனிலா எசன்ஸ் மறந்துவிட்டது என்று சந்திரிகாவிடம் சுவர்வழியாகச் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார்.

கீழ்க்கட்டளையில் மறுபடி யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து மேடவாக்கம் போனார். அதுதான் மூன்றாவது தப்பு. அங்கே கேக் அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. யாரோ ஆர்டர் கொடுத்து வாங்க வராத பிறந்தநாள் கேக் ஒன்று மட்டும் மிச்சம். பெரிய கேக். ஆனால் அதன்மேல் அபிதகுஜாம்பாள் என்று ரோஸ் கிரீமில் எழுதியிருந்தது. பெயர் நீளம் என்பதால் ஓர் எழுத்துக்கூட விடாமல் விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுதியிருந்தார்கள். கிரீமைச் சுரண்டிவிட்டால் உள்ளே கேக்தானே என்று வாங்கினார். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோவிலம்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில், பக்கத்தில் இருந்த கனத்த அம்மாள் அபிதகுஜாம்பாள்மேல் முழுசாகச் சாய்ந்தாள். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டாள், புடவையைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்தாள். ஜெரோமுக்கு அழுகை வந்தது. கேக்குக்காக இல்லை. கிறிஸ்டினா இருந்திருந்தால் இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைத்ததும் வந்தது.

கீழ்க்கட்டளையில் இறங்கி மறுபடி அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. நேராக ஃப்ரீசருக்குப் போனார். பட்டாணியைக் கிளறினார். பட்டாணிக்கு அடியிலும் பட்டாணிதான் இருந்தது.

"இன்னா சார் தேடுறீங்க?" என்று கேட்டபடி பேக்கரி கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நடுத்தர வயது. சட்டையில் ரத்தினபாய் என்று பேர் குத்தியிருந்தது. கேக் என்றார் ஜெரோம். தீர்ந்துவிட்டது என்றாள். எவனோ ஒரு கிறுக்கன் நல்ல கேக்கையெல்லாம் பட்டாணிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போய்விட்டான், நல்லவேளையாக நான் பார்த்து எடுத்தேன் என்றும் சொன்னாள். அந்தக் கிறுக்கன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபோதுதான் கவுன்ட்டருக்குப் பின்னால், துணி போட்டு மூடிய பெரிய தட்டு கண்ணில் பட்டது. துணிக்கு வெளியே மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது.

"அதோ இருக்கே?"

"அது ஒரு அக்காவுக்கு எடுத்து வச்சது சார். வருஷா வருஷம் வந்து வாங்கிகினு போவாங்க."

ஜெரோம் கெஞ்சினார். தெருவே காத்திருக்கிறது, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். வீட்டு அம்மா செய்ய மாட்டார்களா என்று அவள் கேட்டாள். செத்துவிட்டாள் என்று முன்பின் தெரியாதவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். ரத்தினபாய்க்கு இரக்கம் இருந்தது, ஆனால் தட்டு அசையவில்லை. அந்த அக்கா என் மகள் படிப்புக்கு வழி சொன்னவங்க, ஒவ்வொரு தடவையும் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவாங்க, அவங்களுக்குச் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்றாள்.

ஜெரோம் காத்திருந்தார். பிஸ்கட் அலமாரியில் சாய்ந்து நின்று, வருகிற பெண்களையெல்லாம் பார்த்தார். பார்க்காத அந்தப் பெண்பிள்ளைமேல் அவருக்கு வெறுப்பு ஊறிக்கொண்டே வந்தது. கழுத்து நிறைய நகையும் காருமாக வருவாள் என்று நினைத்தார். பாதி விலை என்றால் ஊருக்கே மிச்சம் வைக்காமல் அள்ளுகிற ஜென்மம். அப்படிப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். தன் வாழ்நாளில் ஒரு கேக்கைக் கடையில் வாங்காத கிறிஸ்டினா, மாவு பிசைந்து கை ஓய்ந்தவள், கல்லறையில் இருக்கிறாள்.

கடையில் கூட்டம் கரைந்தது. மறுபடி கவுன்ட்டருக்குப் போனார்.

"விடிஞ்சா கிறிஸ்துமஸ். இவ்வளவு நேரம் வராதவங்க இனிமே எங்கம்மா வரப்போறாங்க?"

"வருவாங்க சார். ஒரு வருஷம்கூடத் தப்புனதில்ல," என்று சொல்லிவிட்டு ரத்தினபாய் வாசலைப் பார்த்தாள். அவள் குரலிலும் உறுதி குறைந்திருந்தது.

கடைசியில் மேனேஜர்தான் வழி செய்தார். பாதி விலைச் சரக்கு எதையும் பிடித்துவைக்கக் கூடாது, கேட்கிறவருக்குக் கொடுத்துவிடு என்று அந்தப் பக்கமாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ரத்தினபாய் துணியை மெதுவாக எடுத்தாள். கேக்குகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினாள். அவள் முகம் விழுந்துபோயிருந்தது. ஜெரோமோ அன்றைக்கு முதல்முறையாக ஜெயித்திருந்தார். ஜெயித்த ருசியில் வார்த்தையை விட்டார்.

"அந்த அம்மா வந்தா நான் சொன்னேன்னு சொல்லு. ஊர்ல மத்தவங்களுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு, எல்லாத்தையும் ஒருத்தரே வாரிட்டுப் போகணும்னு நினைக்கக் கூடாதுன்னு."

ரத்தினபாய் பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்பிடிப் பேசாதீங்க சார், சிட்லபாக்கத்துலேர்ந்து வருவாங்க, கிறிஸ்டினாக்கான்னு, கடைக் கேக்குன்னா வூட்டுக்காரரு மரத்தூளுன்னுவாராம், அவரு மனசு நோவக் கூடாதுன்னு இங்கயே நின்னு கவரெல்லாம் கிழிச்சுப்போட்டுட்டு எடுத்துகினு போவாங்க, இப்ப வந்து கேட்டாங்கன்னா நான் இன்னா பதில் சொல்றது?"