அரைக் கிண்ணம்

"காலையிலன்னுதானே சார் சொன்னீங்க?" என்றாள் சாய்கல். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் சமோவாரின் மூடி.

"சொன்னேன்மா. கமிட்டித் தலைவருக்குக் கடுமையான பல்வலி. மத்தியானத்துக்கு மாத்திட்டோம்," என்றார் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். "ஆன்லைன்தானே? நீ எங்கயும் வர வேண்டாம். வீட்டுல இருந்தே பேசு."

"வீட்டுல இருந்து மட்டும்தான் சார் மத்தியானம் பேச முடியாது."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். பேசறேன்."

மூடியைச் சமோவாரின் மேல் வைத்தாள். அது உள்ளே விழுந்தது.

பிஷ்கேக் நகரத்து ஆய்வு நிலையத்தில் சாய்கல் கணினி விஞ்ஞானி. ஆனால் அரைப் பதவி. மதியத்துக்கு முன் கணினி, மதியத்துக்குப் பின் சமோவார்: இது அவளுக்கும் மாமியார் பூர்மகானுக்கும் கல்யாணத்தன்றே முடிவான உடன்படிக்கை. நிலையத்தில் இருந்தவர்கள் அவளை, பொழுது போகாமல் வந்து போகிற குடும்பப் பெண் என்று நினைத்தார்கள். பூர்மகானோ அக்கம்பக்கத்தில், "காலையில கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு வருவா. மத்தபடி கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது," என்று சொல்லி வைத்திருந்தாள்.

இன்று அந்த அரைப் பதவிக்குத்தான் விசாரணை. "முழு நாள் வா, இல்லையென்றால் வராதே" என்பது குழுத் தலைவரின் கொள்கை. முழு நாள் அவளால் முடியாது. வராமலிருப்பது அதைவிட முடியாது. ஒரே இயந்திரம், அதன் வாசலில் பல வேலைகள், ஒவ்வொன்றும் 'என்னை முதலில் கவனி' என்று கத்துகிறது. எதுவும் கெட்டுப்போகாமல் எல்லாவற்றையும் எப்படி முடிப்பது? இதுதான் அவள் எடுத்துக்கொண்ட கணக்கு. விடை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. பதவி போனால் கணக்கும் போய்விடும்.

"விடமாட்டேன்," என்று சமோவாரிடம் சொல்லிவிட்டு, உள்ளே கையை விட்டு மூடியை எடுத்தாள்.

"யார்கிட்ட பேசற?" என்று பூர்மகான் எட்டிப் பார்த்தாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துக்கிட்டே இருக்காங்களாம். பாலாடையை எடுத்து வை."

"இன்னைக்கா அத்தை?"

"வேற என்னைக்கு? பெர்மெத்தைப் பொண்ணு கேட்டவங்க நம்ம வீட்டைப் பாக்க வராங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்லவா?"

பெர்மெத் சாய்கலின் நாத்தனார். மணப்பெண் தன்னைக் கேட்டு வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றுவது வழக்கமில்லை. அது மருமகளின் வேலை.

சாய்கல் யோசித்தாள். வாசலோரம் அவள் உட்காரும் இடத்தில், சமோவாருக்குப் பின்னால் மடிக்கணினியை ஒளித்து வைத்தாள். தலைத்துணிக்குள் இயர்ஃபோன். ஒரு கண் கிண்ணத்தில், ஒரு கண் திரையில். தன் ஆராய்ச்சியைத் தானே செய்து காட்டுவதுபோல அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையின் அத்தை ஜூரா, நாரின் மலைப்பக்கத்துக்காரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கிய பேச்சை உட்காரும்போதும் நிறுத்தவில்லை. அவளுக்குப் பின்னால், உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு அவளுடைய தம்பி ஷெர்காசி. அவர் வாயே திறக்கவில்லை.

"சம்பந்தி, சௌக்கியமா?" என்று பூர்மகான் கேட்டாள்.

ஷெர்காசி தலையை ஆட்டினார்.

"அவன் காதுல மாட்டியிருக்கான் பாருங்க, அந்தக் கருவி," என்றாள் ஜூரா. "எப்பப் பாத்தாலும் அதோடதான். காது மந்தமாயிருச்சு போல. வர்ற வழியெல்லாம் கார்ல பேசிக்கிட்டே வந்தேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"ஐயோ பாவம். என்ன பண்றாரு?"

"பட்டணத்துல ஏதோ படிக்கிறான். தலை நரைச்சாச்சு, இன்னும் படிப்பு முடியல."

பூர்மகான் இரக்கப்பட்டு, அவர் காதுப் பக்கம் குனிந்து, தெருமுனை வரை கேட்கும்படி, "போர்சோக் சாப்பிடுங்க!" என்று கத்தினாள். அவர் திடுக்கிட்டு அந்தப் பொரித்த மாவுத் துண்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டார். அவரை வாசலுக்கு நேரெதிரே, சிவப்புக் கம்பளம் மாட்டிய சுவரோரம், மரியாதை இடத்தில் உட்கார வைத்தார்கள்.

திரை உயிர் பெற்றது. இயக்குநர். கன்னத்தில் துணி கட்டிய தலைவர். மூன்றாவதாக ஒரு கறுப்புக் கட்டம்: 'வெளி மதிப்பீட்டாளர்'. அவர் யாரென்று சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி.

"மதிப்பீட்டாளருக்கு மைக் வேலை செய்யலையாம். எழுதித்தான் கேப்பாரு," என்றார் இயக்குநர்.

"கேமராவைப் போடும்மா," என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

போட்டாள்.

"பின்னால என்னம்மா அது? ரயில்வே ஸ்டேஷனா?"

அவளுக்குப் பின்னால் வாசல் தெரிந்தது. செருப்புக் குவியல், கோட்டுகள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. ஒரு விஞ்ஞானிக்கு இது பொருந்தாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அப்படியே சுழன்று உட்கார்ந்தாள். இப்போது பின்னணியில் சிவப்புக் கம்பளம். அழகாக இருந்தது. அவள் தோளுக்கு மேலே வெள்ளைத் தொப்பி ஒன்றும் தெரிந்தது.

அடுத்த நொடி தொப்பியைக் காணவில்லை.

திரும்பிப் பார்த்தாள். ஷெர்காசி மரியாதை இடத்தை விட்டு எழுந்து, குனிந்து, சுவரோரமாகவே நடந்து வந்து, வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூராகூடப் பேச்சை நிறுத்தினாள்.

பூர்மகான் முகம் வெளுத்து மருமகளிடம் வந்தாள். "முதுகைக் காட்டி உக்காந்தியே! பாரு, மனுஷன் கோவிச்சுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்துட்டாரு. இந்தச் சம்பந்தம் முறிஞ்சா பெர்மெத் மூஞ்சியில நீதான் முழிக்கணும்."

"நான் சரி பண்றேன் அத்தை."

"எப்படி?"

"டீ ஊத்தி."

ஒரு கிண்ணத்தை எடுத்தாள். அந்த நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது:

'ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத் தாவுவதற்கே ஒரு செலவு உண்டு. அதை உங்கள் கணக்கில் சேர்த்தீர்களா?'

இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்த கேள்வி. "சேத்திருக்கேன் சார்," என்று கிசுகிசுத்து, விளக்க ஆரம்பித்தாள். பின்னால் ஜூரா தன் ஊர்க் குதிரை ஒன்றின் குடும்ப வரலாற்றை மறுபடியும் தொடங்கியிருந்தாள்.

"அங்க யாரும்மா பேசறது? நிறுத்தச் சொல்லு," என்றார் தலைவர்.

கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொரு வரி வந்தது: 'அந்த அம்மாள் நிறுத்தமாட்டார். நீங்கள் தொடருங்கள்.'

இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைக்க நேரமில்லை. தொடர்ந்தாள். தாவும் செலவு, காத்திருக்கும் செலவு, எதை முதலில் தொடுவது... விரலில் சுட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். கையில் இருந்த கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் அதை அப்படியே ஷெர்காசியிடம் நீட்டிவிட்டாள்.

ஜூரா பார்த்தாள். "என்ன சம்பந்தி, எங்களைக் கிளப்பறீங்களா?"

"ஐயோ, கை தவறிருச்சு சம்பந்தி!" என்று பதறினாள் பூர்மகான்.

"கை தவறினா தரையில ஊத்தும். இப்படி அளந்து விளிம்பு வரைக்கும் ஊத்தாது. பாதி ஊத்தினா இருன்னு அர்த்தம், நெறைச்சு ஊத்தினா நடையைக் கட்டுன்னு அர்த்தம். மலையில இருக்கோம்னு எங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

ஷெர்காசி மட்டும் அந்த நிறைகிண்ணத்தைச் சிந்தாமல் வாங்கி, உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கினார்.

பூர்மகான் எழுந்து நின்றாள். "கிளம்பறதா? யாரு விட்டா? ஆடு வெட்டறோம்! ராத்திரி தங்கிட்டுத்தான் போகணும்!" என்று அறிவித்துவிட்டு, சாய்கலின் காதருகே குனிந்தாள். "எந்திரி. போய் மாவு பிசை."

ஆடு, மாவு, கொதிக்கும் அண்டா. அதற்குள் குழுவும் கலைந்துவிடும், பதவியும் கலைந்துவிடும். சாய்கல் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்க அத்தை. இந்தக் கிழவங்களை அனுப்பிட்டு வந்துடறேன்."

மைக்கை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும். போதிய அளவு தாழவில்லை.

"எந்தக் கிழவங்க?" என்றது இயர்ஃபோன்.

"எந்தக் கிழவங்க?" என்றாள் ஜூரா.

சாய்கல் கண்ணை மூடினாள். சமோவார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒளிப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்ததும், விசித்திரமாக, அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

இயர்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். மடிக்கணினியைத் தூக்கி, விரிப்பின் நடுவே, போர்சோக் குவியலுக்கும் ஜாமுக்கும் இடையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"சார், இவங்க என் சம்பந்திங்க. சம்பந்தி, இவங்க என் கமிட்டி. நான் ஒரே ஆள்தான். ரெண்டு பக்கமும் இனிமே ஒண்ணாவே கேளுங்க."

வாசலோரம் ஷெர்காசி தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்; தூங்கிப்போனார் போலிருந்தது.

"இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்," என்றார் தலைவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "அரை வேலைன்னா அரை மனசு."

"யாருடா அவன்?" பூர்மகான் திரைக்குள் தலையை நுழைத்தாள். "என் மருமகளுக்கு அரை மனசா? கல்யாண வீட்டுல நூறு பேருக்குத் தனியா டீ ஊத்தினவ அவ. ஒருத்தன் கிண்ணம்கூடக் காலியா இருந்ததில்ல. நீ மொதல்ல உன் பல்லைப் பிடுங்கிட்டு வா!"

சாய்கல் மாமியாரைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவளுக்காக இப்படி ஒரு குரல் எழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பூர்மகானும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. சட்டென்று உட்கார்ந்து ஜாம் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

திரையில் கடைசிக் கேள்வி வந்தது: 'முழுப் பதவி கேட்கலாமே. அரை ஏன் போதும்?'

சாய்கல் ஒரு வெற்றுக் கிண்ணத்தை எடுத்தாள். பாதி ஊற்றினாள். கேமராவுக்கு முன் பிடித்தாள்.

"இது போதாதா சார்? பாதி ஊத்தினா, சூடா குடி, மறுபடி ஊத்தறேன், இருன்னு அர்த்தம். நெறைச்சு ஊத்தினா பாதியிலயே ஆறிடும். காலையில முடிச்சுப் போட்டு விட்டுட்டு வர்ற கணக்கு, மத்தியானம் இந்தச் சமோவார் பக்கத்துல உக்காந்திருக்கறப்பதான் அவிழுது. யார் கிண்ணம் முதல்ல காலியாகும்னு பாத்துப் பாத்துத்தான் என் ஆராய்ச்சியே வந்தது. நான் அரை ஆளா வரல சார். முழு ஆளா வந்து அரை நாள் இருக்கேன். எனக்கும் அரையாவே ஊத்துங்க. ஆனா நிறுத்திடாதீங்க."

ஜூரா வாயைத் திறந்து, அப்படியே மூடினாள். அது அவள் வாழ்க்கையில் அபூர்வமான நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்.

"என் ஓட்டு, பதவியை எடுத்துடலாம்," என்றார் தலைவர்.

"என் ஓட்டு... இருக்கட்டும்," என்றார் இயக்குநர், பூர்மகான் இன்னும் திரைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு.

மிச்சம் கறுப்புக் கட்டம். அது நீண்ட நேரம் கறுப்பாகவே இருந்தது. கையிலிருந்த கிண்ணத்தில் தேநீர் ஆறுவதை சாய்கலால் உணர முடிந்தது. வாசல் பக்கம் விரிப்பின் ஓரம் லேசாக அசைந்தது.

பிறகு ஒரு வரி வந்தது: 'அரைப் பதவி தொடரட்டும்.'

திரை அணைந்தது. சாய்கல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பூர்மகானுக்கு இன்னொரு கவலை பாக்கியிருந்தது. வாசலுக்குப் போய், தூங்குகிறவரின் காதருகே குனிந்து, முழு மூச்சையும் திரட்டிக் கத்தினாள்:

"சம்பந்தி! கோவத்தை விடுங்க! மேல வந்து உக்காருங்க! மருமக தெரியாமத்தான் நெறைச்சு ஊத்திட்டா!"

ஷெர்காசி தொப்பியை நெற்றிக்கு உயர்த்தினார். காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றி, விரிப்புக்கு அடியிலிருந்து எடுத்த தொலைபேசியோடு பைக்குள் போட்டார். காலியான கிண்ணத்தை சாய்கலிடம் நீட்டி, அந்த வீட்டுக்குள் வந்தபின் முதன்முறையாக வாய் திறந்தார்:

"கேமரா அணைஞ்சிருச்சுல்ல, இனிமே மேல உக்காரலாம். மருமகளே, அங்க உனக்கு நான் அரைதான் ஊத்தியிருக்கேன். இங்க எனக்கும் அரையாவே ஊத்து."